மலைப் பாதையில் ஒரு சிவப்பு உருளை

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்குப் புதுக்களை வந்துவிடுகிறது. தாழ்நிலமெங்கும் வெயில் நெருப்பாய்க் காயும் அந்த நாள்களிலே, கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலே அமைந்த இம்மலைநகர் குளிர்காற்றை அனுப்பி எல்லாரையும் அழைக்கிறது. தேசாதிபதி வில்லியம் கிறகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டிலே உருவாக்கப்பெற்ற வாவியில் ஓடங்கள் மிதக்கின்றன. மட்டக் குதிரைகளின்மேல் அமர்ந்து சிறுவர் சவாரி செய்கின்றனர். பூங்காக்களில் மலர்களைக் காண்பதற்கு வந்தவர்கள், மலர்களைவிடப் பல நிறங்களில் கம்பளிச் சட்டை அணிந்து நடக்கின்றனர்.

இவ்வசந்தகால விழாக்களுள், இளைஞர் மனத்தைப் பெரிதும் கவர்வது மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம். 1934ஆம் ஆண்டிலே தொடங்கிய இப்பந்தயம் இந்நாட்டு மோட்டார் விளையாட்டின் மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் ஒன்று. பல கார்கள் ஒன்றையொன்று முந்த ஓடும் பந்தயமன்று இது. ஒரு நேரத்தில் ஒரு காரே ஏறும். மலையும் மணிக்கூடுமே அதற்குப் போட்டியாளர்.

இப்பந்தயத்தைப் பார்க்கவேண்டுமென்ற ஆசை எமக்கு நெடுநாளாக உண்டு. கண்டியில் வாழும் எமது இளம் நண்பரொருவர், தந்தையார் விட்டுச்சென்ற எம்.ஜி.பி. காரை மீண்டும் உயிர்ப்பித்து அப்பந்தயத்திற்கு ஆயத்தமாகிறார் என்றறிந்ததும், அவரோடு மலையேறத் தீர்மானித்தோம். நாம் பார்க்கச் சென்றது பந்தயத்தை. ஆனால் அப்பயணத்திலே எம் சிந்தனையைப் பற்றிக்கொண்டது வேறொரு பொருள். ஒரு முழம் நீளங்கூட இல்லாத, செந்நிறம் பூசிய தீயணைப்புக் கருவியே அது. அதனை இரண்டே ஆசனமுள்ள சிறிய காரினுள் எங்கே வைப்பது, எப்படிப் பிணைப்பது என்பதில் இவ்வளவு விடயம் அடங்கியிருக்கும் என்று வாசகர் எவரும் எளிதில் எண்ணார்.

கண்டியில் ஒரு கராஜ்

கண்டி நகரின் புறத்தே, மாமர நிழலிலே, தகரக் கூரை வேய்ந்த சிறிய கராஜ் ஒன்று. அதன் உரிமையாளரான முதியவரை எல்லோரும் 'பாஸ்' என்றே அழைத்தனர். மாத்தளையிலே பிறந்து, பதினாறு வயதிலே ஸ்பானரைக் கையிலெடுத்தவர். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, நண்பரின் காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவந்தார்.

எம்.ஜி.பி. என்னும் இவ்வகைக் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்திலே அபிங்டன் என்னும் ஊரில் செய்யப்பட்டது. 1,798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின், இரண்டு காபரேட்டர்கள். பெற்றோலை ஊட்டும் அவ்விரு காபரேட்டர்களும் எஞ்சினின் இடப்பக்கத்திலே இருக்கின்றன. எரிந்த புகையை வெளியேற்றும் குழாயும் அதே பக்கத்தில், அவற்றுக்கு நேர் கீழே இருக்கின்றது. இடையே ஒரு மெல்லிய தகடு மாத்திரம் வெப்பத்தைத் தடுத்து நிற்கின்றது.

"பார்த்தீங்களா ஐயா, மேலே பெற்றோல், கீழே அடுப்பு" என்றார் பாஸ். "ரப்பர் குழாய் ஒன்று வெடித்துச் சொட்டினால் போதும். அதனாலே முதல் வேலை, தீயணைக்கிறது இல்லை. பழைய குழாய் எல்லாத்தையும் மாத்திறதுதான்."

குழாய்கள் மாற்றப்பட்டன, கௌவிகள் இறுக்கப்பட்டன. அதன் பின்னரே நண்பர் தாம் வாங்கிவந்த தீயணைப்புக் கருவியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு கிலோ உலர் தூள் அடைத்தது. உருளையோடு சேர்த்து நிறுத்தால் நான்கு கிலோ அளவில் இருக்கும். அதனுடன் ஒரு பிளாஸ்ரிக் தாங்கியும் நான்கு திருகாணிகளும் வந்திருந்தன. பாஸ் அந்தத் தாங்கியை ஒரு பக்கமாக வைத்துவிட்டார்.

"இது வீட்டுச் சுவரிலே மாட்டுறது தம்பி. வீடு ஓடாது. இது ஓடுற சாமான்."

அவர் கூறியதன் உண்மையை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். 1904ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் தோன்றிய சர்வதேச மோட்டார் சம்மேளனம், பந்தயக் கார்களுக்கு வகுத்துள்ள விதிகளிலே, தீயணைப்புக் கருவியின் பிணைப்பு புவியீர்ப்பின் 25 மடங்கு வேகத் தளர்ச்சியைத் தாங்கவேண்டும் என்று கூறுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கார் ஒரு மரத்திலோ கற்சுவரிலோ மோதித் திடீரென நிற்கும்போது, அதனுள் இருக்கும் பொருள்கள் நிற்பதில்லை. வந்த வேகத்திலேயே முன்னோக்கிப் பாய்கின்றன. அக்கணத்திலே நான்கு கிலோ உருளை, 25 மடங்காகி, 100 கிலோ பாரத்தின் விசையோடு தன் கட்டை இழுக்கும். இரண்டு சீமெந்து மூட்டைகளை ஒரு பிளாஸ்ரிக் கொக்கியிலே தொங்கவிட்டால் என்னவாகும்? தீயிலிருந்து காப்பதற்கென ஏற்றிய கருவியே இரும்புக் குண்டாகிப் பறந்து, உயிரைக் கொள்ளும்.

இடந்தேடும் படலம்

அடுத்து எழுந்தது, எங்கே வைப்பது என்னும் கேள்வி. நண்பர் பின்புறத்து டிக்கியைக் காட்டினார்.

"தீப்பிடிச்ச நேரம் சாவியைத் தேடி, பின்னாலே ஓடி, டிக்கியைத் திறந்து, மூட்டை முடிச்சை இறக்கியா எடுக்கப் போறீங்க? பெற்றோல் தாங்கியும் அதுக்குக் கீழேதான் இருக்கு" என்றார் பாஸ்.

ஆசனங்களுக்குப் பின்னாலுள்ள தட்டைக் காட்டினார் நண்பர். அங்கே வைத்த உருளை கழன்றால் நேரே பிடரியைத் தேடி வரும். ஆசனப் பட்டியோடு இருப்பவர் திரும்பி அதை எட்டவும் முடியாது. சாரதியின் காலடியோ இன்னும் பொல்லாத இடம். அங்கே உருளை கழன்று உருண்டு பிரேக் மிதிக்குக் கீழே அகப்பட்டால், மலைச் சரிவிலே காரை நிறுத்த வழியேயில்லை. கதவோரமும் ஆகாது, பக்கத்தால் மோதினால் முதலில் நசுங்குவது அந்த இடமே. எஞ்சின் அறைக்குள் வைப்பது திருடனிடமே திறப்பைக் கொடுத்த கதையாகும்.

இறுதியிலே பாஸ் தெரிந்தெடுத்தது, இடப்பக்கத்து ஆசனத்தின் முன் விளிம்பையொட்டிய தரை. அங்கே உருளை குறுக்காகப் படுத்திருக்கும். அமர்ந்திருப்பவரின் கால்கள் அதற்கு அப்பால் நீண்டிருப்பதால் இடைஞ்சல் இல்லை. சாரதியும் குனிந்து இடக்கையை நீட்டினால் எட்டும். பக்கத்தில் இருப்பவருக்கும் எட்டும். கதவைத் திறந்து வெளியே நின்று உதவ வருபவருக்கும் எட்டும். நெடுக்காக வைத்தால், மோதும் நேரத்தில் உருளை பட்டிக்குள்ளிருந்து வழுக்கி அம்புபோல் முன்னே பாயக்கூடும். குறுக்காக வைத்தாலும் காரைப் பக்கத்தால் மோதுவோர் உண்டல்லவா? ஆதலால் உருளையின் இரு முனைகளையும் மறித்து நிற்கும் இரும்புத் தடுப்புகளைத் தாங்கியிலே வைத்தல் வேண்டும். மேற்சொன்ன சர்வதேச விதிகளும் இத்தடுப்புகளைக் கட்டாயமாக்கியுள்ளன.

இடம் முடிவாகியும் பாஸ் உடனே துளையிடவில்லை. காரை உயர்த்தி, விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியிலே புகுந்தார். தரைத் தகட்டின் கீழே பெற்றோல் குழாயும், பிரேக் குழாயும், பற்றரியிலிருந்து வரும் தடித்த கம்பியும் ஓடுகின்றன. மேலேயிருந்து கண்ணை மூடிக்கொண்டு துளையிடுபவன் இவற்றுள் ஒன்றைத் துளைத்துவிட்டால், தீயை அணைப்பதற்குப் பதிலாகத் தீயை அழைத்தவனாவான். குழாய்கள் செல்லும் வழியைச் சுண்ணக்கட்டியால் தரையிலே கோடிட்டுக்கொண்டு, அவற்றுக்கு விலகிய இடத்திலேயே அவர் துளைகளை இட்டார்.

தரைத் தகடு மெல்லியது. பழைய கார்களிலே துருவும் ஏறியிருக்கும். திருகாணியை அதில் முறுக்கினால், இழுபடும் நேரத்தில் ஈரச் சுவரில் அடித்த ஆணிபோலக் கழன்றுவிடும். ஆகவே 8 மில்லிமீற்றர் போல்ட்டுகளைத் தரைக்கு ஊடாகச் செலுத்தி, கீழ்ப்புறத்திலே உள்ளங்கை அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள இரும்புத் தகட்டைக் கொடுத்து, தானாகக் கழலாத நட்டுகளால் இறுக்கினார். துளைகளின் விளிம்பிலே துருவேறாதபடி வர்ணமும் பூசினார். தாங்கி இரும்பு, உருளையைத் தழுவும் பட்டிகள் இரண்டும் உலோகம். அப்பட்டிகளின் கொளுவிகள் மட்டும் ஒரே இழுப்பில் விடுபடும் வகையினவாக இருந்தன.

"கல்யாணக் கட்டு மாதிரி இறுக்கமா இருக்கணும், ஆனா கூப்பிட்ட உடனே கழன்று வரணும். அது ரெண்டும் சேர்ந்தாத்தான் இது வேலை" என்றார் பாஸ்.

ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு இலக்கணங்களும் ஒரே பொருளிற் பொருந்தவேண்டும் என்பதே இக்கலையின் நுட்பம். அசையாமல் இருப்பதற்காகக் கயிற்றால் வரிந்து கட்டினால் ஆபத்திலே அவிழ்க்க இயலாது. எளிதில் எடுப்பதற்காகச் சும்மா வைத்தால் அதுவே ஆபத்தாகிவிடும்.

வேலை முடிந்ததும் பாஸ் எம்மிருவரையும் ஆசனப் பட்டி அணிந்து அமரச் செய்தார். "இப்ப கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்றார். புகையிலே கண் தெரியாது என்பது அவர் கருத்து. முதன்முறை கை தடவித் தடவிச் சென்றது. பத்தாவது முறை, மூன்று விநாடிகளுக்குள் உருளை மடிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அவர் தேநீர் வரவழைத்தார்.

பித்தளைக் குழலின் கதை

தேநீர் அருந்தும்போது, அலுமாரியிலே பளபளத்த ஒரு பித்தளைக் குழல் எம் கண்ணிற் பட்டது. 'பைரீன்' என்னும் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கார்களில் பெருவழக்காய் இருந்த தீயணைப்புக் கருவி அது. கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் காபன் நாற்குளோரைட்டு என்னும் திரவம் பீறிடும். அது தீயை அணைப்பது உண்மையே. ஆனால் அத்திரவம் கடும் வெப்பத்திலே பொஸ்ஜீன் என்னும் நச்சுவாயுவைப் பிறப்பிக்கும். முதலாம் உலக யுத்தத்திலே படைவீரரைக் கொல்லப் பயன்பட்ட வாயுவே அது. பழைய கார்களைப் பேணுவோர் சிலர் இக்குழலை அழகுக்காக மாட்டிவைப்பதுண்டு. உள்ளே திரவம் இல்லையாயின் குற்றமில்லை. அதனை நம்பிப் பயணம் செய்வது தகாது.

பின்னர் வந்த ஹேலன் வாயு கார்களுக்கு மிகவும் ஏற்றதாய் இருந்தது. ஆயினும் அது வானத்து ஓசோன் படலத்தை அரித்தது. ஆகவே 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை வழியாக, வளம்பெற்ற நாடுகளிலே 1994 முதல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இப்போது பெரும்பாலும் கையாளப்படுவன உலர் தூளும் நுரையுமே. தூள் பெற்றோல் தீயை விரைந்து அடக்கும். ஆனால் மூடிய காருக்குள் அடித்தால் கண்ணை மறைத்து மூச்சையும் முட்டச் செய்யும். பின்னர் உலோகத்தையும் அரிக்கும். நுரை துப்புரவானது, அணைந்த பொருள் மறுபடி பற்றாதபடி போர்த்தும். சர்வதேச விதிகளின்படி காரிலே வைக்கும் கைக்கருவியில் தூளாயின் 2 கிலோவும் நுரையாயின் 2.4 லீற்றரும் குறைந்தபட்சம் இருத்தல் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படவும் வேண்டும்.

றம்பொடை ஏற்றத்திலே

மறுநாட் காலை புறப்பட்டோம். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 80 கிலோமீற்றர். பேராதனையைக் கடந்து, பழைய இராசதானியாகிய கம்பளையிலே மகாவலியைப் பிரிந்து, புசல்லாவையை அடைந்ததும் தேயிலையின் பச்சை கண்ணை நிறைத்தது. மேலே செல்லச் செல்லக் கொத்மலை நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கிலே நீலப் பட்டுப்போல் விரிந்தது. றம்பொடை நீர்வீழ்ச்சியின் ஓசை காதில் விழுந்தபோது, காற்றிலே குளிர் கலந்திருந்தது. மேற்கூரையைத் திறந்துவிட்ட அச்சிறிய காரிலிருந்து பார்க்கும்போது, கொழுந்து பறிக்கும் பெண்களின் முகங்களும் பேச்சும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

லபுக்கலைக்கு அண்மையிலே, ஒரு வளைவைத் திரும்பியதும், வீதியோரத்தில் பழைய குடும்பக் காரொன்று நின்றது. பொனற்றின் விளிம்புகளிலிருந்து கரும்புகை கிளம்பிக்கொண்டிருந்தது. நான்கு பிள்ளைகளும் தாயும் அப்போதுதான் இறங்கி ஓடினர். வயது முதிர்ந்த பாட்டியார் ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். குடும்பத் தலைவர் பொனற்றைத் தூக்கித் திறப்பதற்குக் கையை வைத்துவிட்டார்.

"ஐயா, திறக்காதீங்க! திறக்காதீங்க!" என்று கூவியவாறே எமது நண்பர் காரை நிறுத்தினார்.

பொனற்றை அகலத் திறந்தால் புதுக்காற்று உட்புகும். அடங்கிக் கிடந்த தீ சுவாலையாய் எழுந்து திறந்தவரின் முகத்தையே தீண்டும். கொளுவிகள் விடுபட்ட ஓசை கேட்டது. உருளை நண்பர் கையில் இருந்தது. உள்ளேயுள்ள பிடியை இழுத்து, பொனற் ஒரு விரலளவு மாத்திரம் உயரும்படி அவர் செய்வித்தார். காற்று வரும் பக்கமாக நின்று, ஊசியைக் கழற்றி, அந்த இடைவெளியூடாகத் தீயின் அடிப்பாகத்தை நோக்கி இப்பக்கமும் அப்பக்கமுமாகத் தூளைச் செலுத்தினார். அருகிலுள்ள லயனிலிருந்து வாளியில் நீரோடு ஓடிவந்த இளைஞரை நாம் தடுத்தோம். பெற்றோல் நீரின்மேல் மிதக்கும். நீரை ஊற்றினால் தீ நீரோடு ஒழுகி எங்கும் பரவும்.

இரண்டு கிலோ தூள் தீர்வதற்குப் பத்து விநாடியும் செல்லவில்லை. அப்பத்து விநாடிக்குள் தீ அணைந்தது. சூடான இரும்பிலிருந்து மறுபடியும் பற்றக்கூடுமாதலால், சற்று நேரம் எவரையும் நெருங்க விடாது காத்திருந்தோம். பின்னர் திறந்து பார்த்தபோது காரணம் விளங்கியது: நைந்துபோன ஒரு ரப்பர் குழாய் வெடித்து, பெற்றோல் சூடான குழாயின்மேல் சொட்டியிருந்தது. பாஸ் சொன்னது சொன்னபடியே நிகழ்ந்திருந்தது.

பாட்டியார் நண்பரின் முகத்தை இரு கைகளாலும் வழித்து, "நீ நல்லா இருக்கணும் ராசா" என்றார். பிள்ளைகளோ வெண்தூள் படிந்த எமது கோலத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டனர். சற்று முன் நிகழவிருந்ததை அவர்கள் அறியவில்லை. அறியாமல் இருந்ததும் நல்லதே.

பரிசோதனை

இதனால் நண்பருக்குப் புதியதொரு கவலை பிறந்தது. அன்று மாலையே கார்களைப் பரிசோதிக்கும் நேரம்; தாங்கி இருக்கின்றது, கருவி வெறுமையாகிவிட்டது. சிறிது தூள் மீந்திருந்தாலும் பயனில்லை. ஒருமுறை அழுத்திய கருவியின் வாயிலிலே தூள் அகப்பட்டு, அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும்; அதனை மீண்டும் நிரப்புவிக்கவோ மாற்றவோ வேண்டும். நுவரெலியாக் கடைகளிலே தேடினோம். தக்க அளவில் கிடைக்கவில்லை. செய்தியைக் கேள்வியுற்ற மற்றொரு போட்டியாளர், தாம் மேலதிகமாகக் கொண்டுவந்த கருவியை மறுவார்த்தையின்றித் தந்துதவினார். மறுநாள் மலையிலே நண்பரோடு போட்டியிடவிருந்தவர் அவர்.

பரிசோதகர் கடமையிலே கண்டிப்பானவர். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்த்தார். கருவியின் திகதியைப் படித்தார். பின்னர் உருளையை இரு கைகளாலும் பற்றி, தம் பலங்கொண்ட மட்டும் உலுக்கினார். கார் முழுவதும் ஆடிற்று. உருளை மாத்திரம் ஆடவில்லை. அடுத்து, நண்பரை அமரச் செய்து, பட்டியை அணிவித்து, "எடுங்கள்" என்றார். எடுத்தார். பரிசோதகர் புன்னகையோடு கையொப்பமிட்டார்.

அவ்விரவு, கணப்படுப்பின் அருகே, ஒல்லாந்திலுள்ள சண்ட்வூர்ட் பந்தயத் திடலைப் பற்றிய பேச்சு எழுந்தது. வடகடற் கரையிலே மணற்குன்றுகளுக்கிடையே 1948ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட திடல் அது. 1973ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள், றோஜர் வில்லியம்சன் என்னும் இருபத்தைந்து வயது ஆங்கில வீரரின் கார் அங்கே தலைகீழாகப் புரண்டு தீப்பற்றியது. அவர் உள்ளே அகப்பட்டுக்கொண்டார். பின்னால் வந்த டேவிட் பேர்லி என்னும் வீரர், பந்தயத்தைக் கைவிட்டு, பாதையைக் குறுக்கே கடந்து ஓடி, தனியொருவராகக் காரை நிமிர்த்த முயன்றார், இயலவில்லை. காவலர் கையிலிருந்த ஒரு தீயணைப்புக் கருவியைப் பெற்று அடித்தார், அது போதவில்லை. அங்கு நின்ற காவலர்க்குத் தீத்தாங்கும் உடையுமில்லை. மற்ற வீரர்களோ, நின்று போராடும் பேர்லியே எரியும் காரின் சாரதி, அவர் தப்பிவிட்டார் என்று எண்ணி ஓட்டத்தைத் தொடர்ந்தனர். வில்லியம்சன் உயிரிழந்தார். பேர்லியின் தீரத்திற்காகப் பிரித்தானிய அரசு ஜோர்ஜ் பதக்கம் வழங்கியது.

இக்கதையைக் கேட்டபின் அறையிலே சிறிது நேரம் மௌனம் நிலவியது. சிறிய கருவி சிறிய தீக்கே உரியது. அதன் பத்து விநாடியால் ஆகாவிட்டால், காரைக் கைவிட்டு விலகுவதே அறிவு. காரைக் காப்பதைவிட, ஆட்கள் வெளியேறும் வழியைத் திறந்து வைப்பதே அதன் முதற்பணி. ஆயினும் தொடக்கத்திலே, தீ ஒரு குழந்தையாய் இருக்கும்போது, கைக்கெட்டிய ஒரு கருவி செய்யும் உபகாரத்தைப் பின்னர் ஒரு வண்டி நிறைந்த நீராலும் செய்ய முடியாது. லபுக்கலையிலே அதனை நாம் நேரிற் கண்டோம்.

மகாகஸ்தோட்டையிலே

மறுநாள் பனி விலகுமுன்னரே சனங்கள் மலைச்சரிவிலே திரண்டுவிட்டனர். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், கொழும்பிலிருந்து வந்த கனவான்கள், கடலை விற்போர், கம்பளிக் குல்லாய் அணிந்த கைக்குழந்தைகள் எனச் சாதி மத பேதமின்றி எல்லோரும் ஒரே புற்றரையில் அமர்ந்திருந்தனர். ஒடுங்கிய பாதை நெளிந்து நெளிந்து மேலேறுகின்றது. ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் சரிவு. கார் புறப்படும் முழக்கம் முதலிற் கேட்கும்; பின்னர் வளைவிலே ஒரு நிறம் மின்னும்; அடுத்த கணம் அது மேலே மறைந்துவிடும்.

நண்பரின் முறை வந்தது. பச்சை நிற எம்.ஜி.பி. சீறிப் புறப்பட்டு, வளைவிலே சற்றே வழுக்கி, நிமிர்ந்து, மேலே சென்றது. அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. கருவியைக் கடனாகத் தந்தவர் அவரைவிட இரண்டு விநாடி முன்னதாக மலையுச்சியை அடைந்தார். இருவரும் உச்சியிலே கைகுலுக்கிக்கொண்டபோது, சிவப்பு உருளை ஒரு வேலையும் செய்யாமல், கட்டிய இடத்திலேயே கிடந்தது. எந்நாளும் அது அவ்வாறே கிடக்கவேண்டும் என்பதே அதனைக் கட்டிய பாஸின் விருப்பமுமாகும்.

குடும்பங்களுக்கு ஒரு சொல்

திரும்புமுன் சீதா எலியாவிலுள்ள சீதை அம்மன் கோயிலுக்குச் சென்று வழிபட்டோம். அருகேயுள்ள மண் கருமையாயிருப்பதைக் காட்டி, அனுமன் இலங்கையை எரித்த தீயின் தடமே அது என்று அங்குள்ளோர் கூறுவர். தந்தையொருவர் அக்கதையைத் தம் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்பா, அப்ப ஏன் ஒருத்தரும் நெருப்பை அணைக்கேல்ல?" என்று கேட்டாள் சிறுமி. யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து வந்த குடும்பம் அது. தந்தையார் விடை சொல்லாமல் சிரித்துக்கொண்டார்.

அவர்கள் வந்த வானினுள்ளே எட்டிப் பார்த்தோம். தீயணைப்புக் கருவி ஒன்று இருக்கத்தான் செய்தது. பின்னாசனத்தின் கீழே, வாங்கிய நாளில் சுற்றிய தாளும் பிரிக்கப்படாமல், கத்தரிக்காய்ப் பைக்கும் செருப்புகளுக்கும் நடுவே உருண்டு கிடந்தது. எமது நண்பர் சாரதித் தம்பியை அழைத்து, அது கிடக்கவேண்டிய இடத்தையும் பிணைக்கவேண்டிய முறையையும் பொறுமையாக விளக்கினார். யாழ்ப்பாணம் சேர்ந்ததும் இரும்புத் தாங்கியொன்று செய்விப்பதாகத் தம்பி வாக்களித்தார். அதுவரை உருளாதபடி முன்னாசனத்தின் கீழே துணியால் அணைகொடுத்து வைத்தோம்.

பந்தயக் காருக்கு வேண்டியது குடும்பக் காருக்கும் வேண்டியதே. மலைநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகும் அன்பர்கள், கார் தரிப்பிடத்திலே நிற்கும்போதே ஒருமுறை பார்த்துக்கொள்க: கருவி இருக்கின்றதா? முள் பச்சையில் நிற்கின்றதா? இரும்புப் பட்டியால் பிணைக்கப்பட்டுள்ளதா? உலுக்கினால் ஆடுகின்றதா? பட்டியணிந்து அமர்ந்தபடியே கைக்கு எட்டுகின்றதா? தூள் நெடுநாள் அசைவிலே அடியில் இறுகிவிடுமாதலால், இடையிடையே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி வைப்பதும் நன்று. பிள்ளைகளையும் அழைத்து, அது இருக்குமிடத்தைக் காட்டிவையுங்கள். இத்தனைக்கும் செல்வது கால் மணி நேரமே. அதன்பின் றம்பொடை நீர்வீழ்ச்சியையும் லபுக்கலைத் தேயிலையையும் கண்குளிரப் பார்த்துக்கொண்டு போகலாம்.